மூணாவது தடவையும் அதே மூணு மாசமா? உங்க அண்ணனுக்குன்னு ஒரு பிளான் போடுவோம்மா

குடியாத்தம் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அண்ணனுக்கு 37 வயசு, ஆம்பூர்ல ஷூ கம்பெனில கட்டிங் செக்ஷன்ல வேலை, பதினெட்டு வயசுல ஆரம்பிச்ச குடி, இப்ப காலையில எந்திரிச்சதும் கொஞ்சம் ஊத்தலன்னா கை நடுக்கம் நிக்கமாட்டேங்குது. ரெண்டு தடவை ஒரு ப்ரைவேட் மறுவாழ்வு மையத்துல மூணு மூணு மாசம் வச்சிருந்தாங்க. மொத தடவை வெளிய வந்து ரெண்டு மாசம் தாக்குப் பிடிச்சாரு, ரெண்டாவது தடவை பத்தே நாள். நடுவுல வீட்டுலயே ரூம்ல பூட்டி வச்சு நிறுத்தப் பாத்தாங்க, ரெண்டாம் நாள் ஃபிட்ஸ் வந்துடுச்சு. அப்பா தவறினதுல இருந்து தூக்கமே கிடையாதுன்னு சொல்வாராம். அண்ணி கொழந்தைய கூட்டினு அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. இவங்க அம்மா யாரோ சொன்னாங்கன்னு சாப்பாட்டுல கலக்குற பவுடர் ஒண்ணு வாங்கி வச்சிருக்காங்க. "மூணாவதா எந்த சென்டர்ல போடலாம், எது பெஸ்ட்டு சார்?" இதான் கேள்வி, அதோட அண்ணியத் திரும்பக் கூப்பிடலாமான்னும் கேட்டிருக்காங்க.

நான் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர்ம்மா, டாக்டர் இல்ல. பதினெட்டு வருஷமா வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு இப்ப மூணா பிரிஞ்சு கிடக்கிற நம்ம பழைய மாவட்டத்துலதான் குடி நோயாளிங்களோடயும் அவங்க வீட்டு ஆளுங்களோடயும் உக்காந்து பேசினு இருக்கேன். மாத்திரை எழுதுறது டாக்டர் வேலை, அந்த மாத்திரைய இந்த மனுஷன் வாழ்க்கையில எங்க வைக்கிறதுன்னு பாக்கிறது என் வேலை.

மொதல்ல ரெண்டு விஷயத்த இன்னைக்கே நிறுத்துங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம். அந்தப் பவுடர அம்மாகிட்ட இருந்து வாங்கி வச்சிடுங்க. அந்த மாதிரி பொட்டலத்துல இன்னா இருக்குன்னு விக்கிறவனுக்கே தெரியாது, சிலதுல டைசல்ஃபிராம் இருக்கும். அது நிஜமான மருந்துதான், ரப்பர் தொழில்ல பயன்படுற கெமிக்கல், 1948ல டென்மார்க்ல குடிக்கு மருந்தா கண்டுபிடிச்சாங்க. ஆனா அத சாப்பிட்டிருக்கோம்னு தெரியாமலே ஒருத்தர் குடிச்சா மூஞ்சி செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, வாந்தி வந்து, பிபி திடீர்னு எறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்தினதுக்கு அப்புறமும் ரெண்டு வாரம் வரைக்கும் ஒடம்புல அதோட வேலை இருக்கும். தெரிஞ்சே, ஒத்துக்கினு, டாக்டர் பாத்து எழுதிக் குடுத்து சாப்பிட்டா அது ஒரு நல்ல மருந்து, தெரியாம கலந்தா வெஷம். இன்னொண்ணு, என்னைக்காவது ஒருநாள் அவருக்குத் தெரிஞ்சிடும், அப்புறம் அம்மா கையால ஒரு வாய் சோறு சாப்பிடமாட்டாரு. அந்த மாதிரி நாலஞ்சு வீடு நான் பாத்திருக்கேன், பையன் கடையில சாப்பிட்டுனு வருவான், அம்மா சட்டி முன்னாடி உக்காந்து அழுதுனு இருப்பாங்க.

ரெண்டாவது, ரூம்ல பூட்டி வச்சு திடீர்னு நிறுத்துறது. காலையிலயே குடிக்கவேண்டிய நிலைமைக்கு வந்த ஒடம்பு ஆல்கஹால் இல்லாம ஓடக் கத்துக்கலை. கடைசியா குடிச்சு ஆறேழு மணி நேரத்துல நடுக்கம், வேர்வை, படபடப்பு ஆரம்பிக்கும், முதல் ரெண்டு நாளுக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், ரெண்டாம் நாள்ல இருந்து நாலாம் நாளுக்குள்ள டெலிரியம்னு சொல்ற கொழப்பம் வரலாம், செவுத்துல பூச்சி ஊருதும்பாங்க, செத்துப்போன ஆளு கூப்பிடுறாருன்னு எந்திரிச்சு நடப்பாங்க. இத பேய் புடிச்சிடுச்சுன்னு நெனச்சு வேப்பிலை அடிக்கக் கூட்டினு போய் ரெண்டு நாள் கழிச்சு ஜுரத்தோட ஆஸ்பத்திரிக்கு தூக்கினு வந்த கேஸ் எனக்குத் தெரியும். கவனிக்காம விட்டா உயிர் போற விஷயம் இது. ஒரு தடவை ஃபிட்ஸ் வந்தவருக்கு அடுத்த தடவை நிறுத்தும்போது மறுபடி வர்ற வாய்ப்பு ஜாஸ்தி. அதனால உங்க அண்ணன் விஷயத்துல பிளான்ல எழுதவேண்டிய மொத வரி இதான்: நிறுத்துறது டாக்டர், நர்ஸ் இருக்கிற ஆஸ்பத்திரி பெட்டுல, வீட்டுலயும் இல்ல, டாக்டர் வாரத்துக்கு ஒரு தடவ எட்டிப் பாக்கிற சென்டர்லயும் இல்ல.

அங்க இன்னா பண்ணுவாங்கன்னா, லைப்ரியம்னு நம்ம ஆளுங்க சொல்ற குளோர்டயசிப்பாக்சைடு, இல்லன்னா கல்லீரல் கெட்டிருந்தா லோராசிபாம் மாதிரி மருந்த நடுக்கத்தப் பாத்துப் பாத்து குடுத்து, ஒரு வாரம் பத்து நாள்ல கொறைச்சுனே வந்து நிறுத்துவாங்க. கூடவே பி1 விட்டமின், தையமின், ஊசியில. இத நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நம்ம ஊர்ல குடிச்சு வாடிப்போன ஆள தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டினு போய் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க சார், தெம்பு வரும்"னு கேக்கிறது பழக்கம். வருஷக்கணக்கா சோறு சரியா சாப்பிடாத ஒடம்புல தையமின் தீர்ந்துபோய் கிடக்கும், அதக் குடுக்காம வெறும் குளுக்கோஸ ஏத்தினா மூளைக்கு சேதம் ஆகலாம், கண்ணு ஒரு பக்கம் இழுக்கும், நடை தள்ளாடும், ஞாபகம் போயிடும், சிலருக்கு அந்த ஞாபகம் திரும்பி வர்றதே இல்ல. பாட்டில் ஏத்துறவங்ககிட்ட "இவரு தினம் குடிக்கிறவரு, தையமின் போட்டாச்சா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். எந்த சென்டர் பெஸ்ட்டுன்னு நீங்க கேட்டீங்க, நான் உங்கள வேற ஒண்ணு கேக்கிறேன். ரெண்டு தடவை, மொத்தம் ஆறு மாசம் உள்ள இருந்தாரே, அந்த ஆறு மாசத்துல யாராவது அவரத் தனியா உக்கார வச்சு, நீ எதுக்குக் குடிக்கிற, எப்ப குடிக்கிற, போன தடவை எந்த நாள்ல, எந்த நேரத்துல, யார் கூட மறுபடி ஆரம்பிச்சன்னு கேட்டாங்களா? உங்க லெட்டர்ல அதப் பத்தி ஒரு வரி கூட இல்ல. காலையில யோகா, பிரார்த்தனை, கிளாஸ், மத்தியானம் சோறு, மூணு மாசம் முடிஞ்சா அனுப்பி வைக்கிறது, உள்ள இருக்கிற நாப்பது பேருக்கும் அதே டைம்டேபிள். சிலருக்கு அதுவே போதும், நான் இல்லங்கல. உங்க அண்ணனுக்குப் போதலன்னு ரெண்டு தடவை ப்ரூவ் ஆயிடுச்சு. சுகருக்கு ஒரு மாத்திரை ஒத்துக்கலன்னா டாக்டர் மாத்துறாரா இல்ல அதே மாத்திரைய மூணாவது தடவையும் குடுத்து "உனக்கு மனசு வரல"ன்னு திட்டுறாரா? குடியில மட்டும் நாம திட்டுறோம்.

அமெரிக்காவுல அடிக்ஷன் டாக்டர்ஸ் சங்கம் ஒண்ணு ஆறு பக்கத்துல இருந்து ஒருத்தரப் பாக்கணும்னு ஒரு முறை வச்சிருக்கு. 2023ல அதக் கொஞ்சம் மாத்தினாங்க, அதுக்கு முன்னாடி இருந்த ஆறு இதான். நிறுத்தினா ஒடம்பு இன்னா ஆகும், வேற இன்னா வியாதி இருக்கு, மனசுல இன்னா இருக்கு, மாறணும்னு எவ்ளோ தோணுது, மறுபடி விழுற ஆபத்து எவ்ளோ, திரும்பிப் போற வீடும் தெருவும் எப்படி. அவ்ளோதான். பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல, ஆனா இந்த ஆறுக்கும் ஒவ்வொருத்தருக்கும் வேற வேற பதில் வரும், பிளான் அங்க இருந்துதான் பொறக்குது.

ஒரே பாட்டில், மூணு மனுஷன்னு சொல்றேன் பாருங்க. அடையாளம் தெரியாம மாத்திதான் சொல்றேன். ஒருத்தரு தோல் ஷாப்ல சுண்ணாம்புக் குழி வேலை பாத்தவரு, ராத்திரி ஒடம்பு வலி தாங்காம கட்டிங் போட ஆரம்பிச்சு குவாட்டர்ல வந்து நின்னாரு. அவருக்கு முதுகு வலிக்கு சரியான வைத்தியமும் வேற செக்ஷனுக்கு மாத்தல் கேட்டு ஒரு லெட்டரும்தான் பாதி ட்ரீட்மென்ட்டு. இன்னொருத்தரு மிலிட்டரில இருந்து ரிட்டயர் ஆனவரு, கேன்டீன் கோட்டா பாட்டில் வீட்டுலயே இருக்கும், சம்சாரம் தவறிட்டாங்க, பசங்க பெங்களூர்ல, சாயந்தரம் ஆறு மணி ஆனா வீட்டுல பேச ஆள் கிடையாது. அவருக்கு சுகர் இருந்துச்சு, கல்லீரலும் கொஞ்சம் வீங்கி இருந்துச்சு. அட்மிஷனே இல்லாம ஓபியிலயே பாத்தோம், கோட்டாவ எழுதிக் குடுத்து நிறுத்தினோம், ஆறு மணிக்கு பக்கத்து ஸ்கூல் கிரவுண்டுல பசங்களுக்கு ஓட்டம் பழக்கிற வேலைய அவரே தேடிக்கினாரு. மூணாவது, 22 வயசுப் பையன், குடியே கெடையாது, வலி மாத்திரைய கரைச்சு ஊசியில ஏத்தினவன். டேப்பென்டடால்னு பேரு, அது ஓப்பியாய்டு ஜாதி, அதாவது அபின் மாதிரி வேலை செய்யிற வலி மருந்து. அவனுக்கு புப்ரினார்ஃபின் மாதிரி மருந்து, ஹெச்ஐவி, ஹெப்படைட்டிஸ் பி, சி டெஸ்ட்டு, அவன் கூட்டாளிங்க யாருன்ற பேச்சு, எல்லாமே வேற. இவங்க மூணு பேரையும் ஒரே ஹால்ல ஒரே பாயில படுக்க வச்சு ஒரே கிளாஸ் எடுத்தா யாருக்கு இன்னா புரியும்?

இங்க நேர்மையா ஒண்ணு சொல்லணும். ஆளுக்கேத்த ட்ரீட்மென்ட்டுன்னா ஆளப் பாத்ததும் இவருக்கு இந்த கவுன்சிலிங் டைப்பு, அவருக்கு அந்த டைப்புன்னு பொருத்தம் பாக்கிறதுன்னு நெனச்சிடாதீங்க. 1990கள்ல அமெரிக்காவுல ப்ராஜெக்ட் மேட்ச்னு 1726 பேர வச்சு அதத்தான் சோதிச்சாங்க, மூணு விதமான கவுன்சிலிங், யாருக்கு எது பொருந்தும்னு. மூணுலயும் ஆளுங்க நல்லாவே முன்னேறினாங்க, ஆனா எதிர்பாத்த பொருத்தம் பெரும்பாலும் வரல. வந்த ஒண்ணு ரெண்டு பொருத்தம் நமக்கு ரொம்ப உபயோகம். கோவக்காரங்களுக்கு, அதட்டாம அவங்க வாயாலயே காரணத்த வரவழைக்கிற பேச்சு முறை நல்லா வேலை செஞ்சது. சுத்தி இருக்கிறவங்க எல்லாரும் குடிக்கிறவங்களா இருக்கிற ஆளுக்கு, ஏஏ, அதாவது குடிய விட்டவங்களும் விட நெனைக்கிறவங்களும் ஒண்ணா உக்காந்து பேசுற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போக வைக்கிற வழி நாள்பட நல்ல பலன் குடுத்துச்சு. உங்க அண்ணன் கூட ஒரே வேன்ல வேலைக்குப் போற ஆறு பேரும் குடிக்கிறவங்கன்னு எழுதியிருக்கீங்களே, அத நான் இங்கதான் கோத்துப் பாக்கிறேன். அவருக்குக் குடிக்காத ஆம்பளைங்க கூட்டம் ஒண்ணு வேணும், ஏஏ மீட்டிங்ல அது ஓசியில கெடைக்குது. தமிழ்லயே நடக்குது, சாதி, மதம், சம்பளம் எதுவும் கேக்கமாட்டாங்க. ஒரு மீட்டிங் புடிக்கலன்னா இன்னொரு மீட்டிங் போய்ப் பாக்கச் சொல்லுங்க.

அளவு கேக்கும்போது "கொஞ்சம்தாங்க"ன்றதுல ஏமாறாதீங்க. ஒரு குவாட்டர் 180 மில்லி, நம்ம ஊரு சரக்குல ஆல்கஹால் 42.8 சதவீதம், கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 60 கிராம் சுத்த ஆல்கஹால். 10 கிராம் ஒரு அளவுன்னு டாக்டருங்க வச்சுக்கிறாங்க, அப்ப ஒரு குவாட்டர்னா ஆறு அளவு. காலைல ஒரு கட்டிங், அதாவது பாதி குவாட்டர், சாயந்தரம் ஒரு ஆஃப், அதாவது ரெண்டு குவாட்டர்னா பதினஞ்சு. இந்த நம்பரப் பாத்துதான் மருந்து டோஸ் போடுவாங்க, கொறைச்சு சொன்னா மருந்தும் கொறைஞ்சு ஃபிட்ஸ் வரும். உங்க அண்ணன் கொறைச்சு சொல்லுவாரு, அவரத் திட்டாம நீங்க தனியா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

அடுத்து தூக்கம். அப்பா போனதுல இருந்து தூக்கம் இல்லன்னு சொல்றாரே, அத யாரும் நோண்டலன்னு நெனைக்கிறேன். ஆல்கஹாலே தூக்கத்தக் கெடுக்கும், ஆல்கஹாலே மனச இறக்கும், அதனால குடிச்சுனு இருக்கும்போது டிப்ரஷன் இருக்கா இல்லையான்னு முடிவு பண்றது கஷ்டம். மூணு நாலு வாரம் குடிக்காம இருந்தப்புறம் மறுபடி பாக்கணும். அப்பவும் மனசு எறங்கியே இருந்தா அது தனி வியாதி, அதுக்குத் தனி மருந்து. அத விட்டுட்டு குடிய மட்டும் நிறுத்தினா பத்து நாள்ல விழத்தான் செய்வாரு. ஆனா சாகணும்ன்ற நெனப்பு வருதான்னு கேக்கிறத நாலு வாரம் தள்ளிப் போடக்கூடாது, மொத நாளே நேராக் கேக்கணும். கேட்டா புதுசா அந்த எண்ணம் வந்துடும்னு பயப்படாதீங்க, அப்படி ஆகறதில்ல. கேட்டப்புறம்தான் நெறைய பேரு மூச்சு விடுறாங்க.

இப்ப அந்தப் பதினோராவது நாள். எனக்கு எல்லாத்தவிட முக்கியம் இதான். பத்து நாள் நல்லா இருந்தாரு, பதினோராவது நாள் இன்னா நடந்துச்சு? சனிக்கிழமையா? சம்பளமா? அண்ணி வீட்டுக்குப் போய் கதவு தொறக்கலையா? எவனாவது "உள்ள இருந்து வந்துட்டியா மச்சான்"னு தோள்ல கை போட்டானா? ராத்திரி தூக்கம் வரலையா? அவர்கிட்ட பழியா கேக்காதீங்க, நெஜமாவே தெரிஞ்சிக்கணும்னு கேளுங்க. நான் கேட்டப்ப ஒருத்தரு சொன்னாரு, "சார், நான் நல்லாத்தான் இருந்தேன், ஆனா வீட்டுல நான் உள்ள வந்தா எல்லாரும் பேச்ச நிறுத்திடுறாங்க சார், பாக்கெட்டத் தடவிப் பாக்கிறாங்க, அப்ப குடிச்சா இன்னா குடிக்காட்டி இன்னான்னு தோணிச்சு". அவர் பிளான்ல நாங்க மாத்தினது அவர இல்ல, வீட்ட. பாக்கெட்டத் தடவறது நின்னுச்சு, அதுக்கு பதிலா வாரத்துல ஒரு நாள் அவரே வந்து சொல்றதுன்னு வச்சோம். மறுபடி குடிச்சத தோல்வின்னு எழுதாம, எங்க ஓட்டைன்னு காட்டின இடமா எழுதிக்கணும். அமெரிக்க போதை ஆராய்ச்சி நிறுவனம் நைடா சொல்ற கணக்குல 100ல 40ல இருந்து 60 பேர் வரைக்கும் திரும்ப விழுறாங்க, பிபி, ஆஸ்துமாக்காரங்க திரும்ப மோசமாகிறதும் ஏறக்குறைய அதே அளவுதான்.

எங்க விழுவாருன்னு தெரிஞ்சா ஒரு காலண்டர் போட்டுடலாம். நான் எல்லாருக்கும் காலண்டர்ல சிவப்பு வட்டம் போட்டுத் தருவேன். உங்க ஊர்னா வைகாசி 1, கெங்கையம்மன் சிரசு திருவிழா, ஊரே தெருவுல, சொந்தக்காரன் எல்லாம் பாட்டிலோட வருவான். அப்புறம் ஆடிக் கிருத்திகை, அதுல ஒரு நல்லதும் இருக்கு, காவடி எடுக்க விரதம் இருப்பாங்க, சில பேருக்கு அந்த விரதமே நிறுத்துற துணிச்சல குடுக்குது, ஆனா காவடி எறக்கின மறுநாள்தான் ஆபத்து, அந்த மறுநாளுக்கு பிளான் வேணும். மாசியில மயானக் கொள்ளை, தை மாசத்துல எருது விடும் விழா, கல்யாண முகூர்த்தம், சாவு வீடு. சாவு வீட்ட எல்லாரும் மறந்துடுறாங்க, நம்ம பக்கம் எடுக்கிற வரைக்கும் ஆம்பளைங்க கைல டம்ளர் இருக்கும். அப்பா நெனவு நாள் அண்ணனுக்குப் பெரிய வட்டம், அன்னைக்கு யார் கூட இருக்கிறதுன்னு ஒரு மாசம் முன்னாடியே முடிவு பண்ணிடணும். சம்பள நாளுக்கு வேன்ல வராம பஸ்ல வர்றது, சம்பளம் பேங்க்ல நேரா விழற மாதிரி பண்ணி கார்ட அவரே சம்மதிச்சு அம்மாகிட்டயோ உங்ககிட்டயோ குடுக்கிறது, அவரு சம்மதம் இல்லாம புடுங்கினா அது சண்டையாதான் முடியும்.

மருந்து விஷயத்துல, நிறுத்தினதுக்கு அப்புறம் மறுபடி ஆரம்பிக்காம இருக்கவும் மருந்து இருக்குன்னே நெறைய பேருக்குத் தெரியாது. நால்ட்ரெக்சோன், குடிச்சா கெடைக்கிற அந்தக் கிக்கையும் தேட்டத்தையும் கொறைக்கும், ஆனா ஓப்பியாய்டு வலி மாத்திரை சாப்பிடுறவங்களுக்குக் குடுக்கக்கூடாது. அக்காம்ப்ரோசேட், நிறுத்தினவங்க நிலைச்சு நிக்க ஒதவும், தினம் மூணு வேளை போடணும், கிட்னி சரியா இருக்கணும். கல்லீரல் ரொம்பக் கெட்டவங்களுக்கு பேக்லோஃபென் யோசிப்பாங்க. மேல சொன்ன டைசல்ஃபிராம், தானா வந்து "எனக்கு ஒரு கடிவாளம் வேணும்"னு கேக்கிறவருக்கு, தினம் காலைல வீட்டுல ஒருத்தர் முன்னாடி போடுறதா இருந்தா நல்லா வேலை செய்யும், இதயக் கோளாறு இருக்கிறவங்களுக்கு வேணாம். எது உங்க அண்ணனுக்குன்னு ரத்த டெஸ்ட்டப் பாத்து டாக்டர் சொல்லட்டும், நீங்க கேக்கவேண்டியது "திரும்ப ஆரம்பிக்காம இருக்க மருந்து எதுவும் இவருக்கு ஒத்துவருமா டாக்டர்"ன்ற ஒரே கேள்வி. கேக்காததால எழுதாம விட்டுப்போன கேஸ் நெறைய. பீடி, ஹான்ஸ், கூல் லிப் போடுறாருன்னா அதையும் சொல்லிடுங்க, அத அப்புறம் பாத்துக்கலாம்னு விடவேண்டியதில்ல, சேர்த்தே நிறுத்தலாம்.

எங்க போறதுன்னா, உங்களுக்குக் கிட்டக்கவே இருக்கு. அடுக்கம்பாறையில அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, மனநலப் பிரிவுல காசு கிடையாது, ஃபிட்ஸ் வந்தவர அங்க அட்மிட் பண்ணி நிறுத்தலாம். பாகாயத்துல சிஎம்சியோட மனநல மையம், 1957ல இருந்து நடக்குது, குடும்பத்துல ஒருத்தர் நோயாளி கூடவே தங்கணும்ன்றது அங்க ரொம்ப வருஷத்துப் பழக்கம். அது எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம், ஏன்னா கூடத் தங்குறவங்களும் கத்துக்கிறாங்க, திரும்பி வரும்போது ரெண்டு பேரா மாறி வராங்க. உங்கள விட்டுட்டு வாசல்லயே திருப்பி அனுப்புற எடத்துக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்த நீங்களே யோசிச்சுப் பாருங்க. போறதுக்கு முன்னாடி பேசணும்னா 14416, டெலி மானஸ்ன்ற அரசாங்க மனநல ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம், போதைக்குன்னே 14446 இருக்கு.

மறுபடியும் ப்ரைவேட் சென்டர்தான்னு வீட்டுல முடிவு பண்ணா, நாலு விஷயம் கேட்டுட்டு சேருங்க. மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ண எடமா, சர்ட்டிஃபிகேட்ட காட்டுங்கன்னு கேளுங்க. சைக்கியாட்ரிஸ்ட் எந்த நாள் எத்தன மணிக்கு வருவாரு. வாரம் ஒரு தடவையாவது நாங்க வந்து பாக்கலாமா, ஃபோன் பேசலாமா. வெளிய வந்தப்புறம் ஒரு வருஷத்துக்கு ஃபாலோ அப் யாரு பண்ணுவாங்க. ராத்திரி நாலு பேர் வண்டில வந்து கட்டித் தூக்கினு போறோம்னு சொல்ற எடத்துக்கு தயவுசெஞ்சு குடுக்காதீங்கம்மா. 2017 மனநலச் சட்டத்துல குடி, போதையால வர்ற மனநலக் கோளாறும் அடக்கம், அதுல சங்கிலி போடுறது எந்த விதத்துலயும் கூடாதுன்னே எழுதியிருக்கு. சம்மதம் இல்லாம சேக்கணும்னா அதுக்குன்னு நிபந்தனை இருக்கு, ஒரு சைக்கியாட்ரிஸ்ட்டும், இன்னொரு மனநல நிபுணரோ டாக்டரோ தனித்தனியா பாத்து எழுதணும், மொத தடவை 30 நாளுக்கு மேல வைக்க முடியாது. 2001ல ஏர்வாடியில மனநலக் காப்பகம் தீப்புடிச்சப்ப சங்கிலியோட எரிஞ்சுபோன 28 பேர நாம மறக்கக்கூடாது.

அண்ணனுக்கு விருப்பமே இல்லன்னா? விருப்பம் சும்மா வந்து நிக்காது, பேசிப் பேசித்தான் வரும். குடிய விடுன்னு சொல்லாம, உனக்கு இன்னா வேணும்னு கேளுங்க, போதை எறங்கி இருக்கிற நேரமாப் பாத்து, பெரும்பாலும் காலைல கொஞ்சம் தெளிவா இருக்கும்போது. ஒருத்தரு நாலு வாரம் என்கிட்ட வாயே தொறக்கல, அஞ்சாவது வாரம் சொன்னாரு, "பொண்ணு என் வண்டில உக்காரமாட்டேங்குது சார், ஆட்டோல ஸ்கூலுக்குப் போவுது". அவரு பிளான் பேப்பர்ல மேல எழுதினது "குடிய நிறுத்துதல்" இல்ல, "பொண்ணு வண்டில உக்காரணும்"னுதான் எழுதினோம். அதுக்குக் கீழதான் மாத்திரை, மீட்டிங், சம்பள நாள் எல்லாம். அதுக்கு ஏழு மாசம் ஆச்சு, நடுவுல ரெண்டு தடவை குடிச்சாரு, ரெண்டு தடவையும் மறுநாளே வந்து சொன்னாரு. உங்க அண்ணன் பேப்பர்ல மொத வரி இன்னான்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாதுன்னு நெனைக்கிறேன், அவருக்குத்தான் தெரியும், இன்னும் அவர யாரும் கேக்கல.

அப்படி ஒரு பேப்பர் ஒரே ஒரு தாள் போதும். அவருக்கு வேணும்ன்றது மேல, அதுக்கு இந்த மாசம் செய்யப்போறது, யார் செய்யறாங்க, என்னைக்கு மறுபடி உக்காந்து பாக்கிறோம்னு தேதி. மொத மாசம் வாரா வாரம், அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, அப்புறம் மாசம் ஒண்ணு, கொறைஞ்சது ஒரு வருஷம். கீழ, குடிச்சிட்டா இன்னா பண்றதுன்னும் எழுதி வச்சிடணும்: யாருக்கு ஃபோன், எந்த ஆஸ்பத்திரி, வீட்டுல யாரும் அன்னைக்கு ராத்திரி சண்டை போடமாட்டோம். ஃபிட்ஸ் வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, வாயில எதுவும் திணிக்காம, கைல இரும்பு குடுக்காம, 108க்கு ஃபோன். அது அம்மாவுக்குத் தெரியணும், அவங்கதான் பகல்ல வீட்டுல இருக்காங்க.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எடுத்துனு போகவேண்டியது: பழைய சென்டர்ல குடுத்த சீட்டு எல்லாம், இப்ப சாப்பிடுற மாத்திரை அட்டை, ஃபிட்ஸ் வந்த தேதி, ஒரு வாரத்துக் குடி அளவு ஒரு பேப்பர்ல, அந்தப் பவுடர் பொட்டலம். ஆமா, அதையும் எடுத்துனு போங்க, ஏற்கனவே கலந்துட்டாங்களான்னு அம்மாகிட்ட கோவப்படாம கேட்டு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, அது தெரியாம மருந்து எழுதக்கூடாது. அன்னைக்குக் காலைல அவரு நடுங்கினு இருந்தா "டாக்டரப் பாக்கிற வரைக்கும் ஒரு சொட்டு தொடக்கூடாது"ன்னு புடிவாதம் புடிக்காதீங்க, ஃபிட்ஸ் வந்த ஆளு, சீக்கிரமா போய்ச் சேருங்க, நடுக்கம் ஜாஸ்தியானா ஓபி வரிசையில நிக்காம நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.

அண்ணியக் கூப்பிடலாமான்னு கேட்டீங்களே. இப்ப கூப்பிடாதீங்கம்மா. "நீ வந்தா அவன் திருந்திடுவான்"னு சொல்லி ரெண்டு தடவை கூட்டினு வந்திருக்கீங்க, ரெண்டு தடவையும் அவங்க தலையிலதான் விழுந்துச்சு. அவங்க அங்க நிம்மதியா இருக்காங்கன்னா இருக்கட்டும், கொழந்தை ஸ்கூல் மாறாம இருக்கட்டும். ஒரு தடவை டாக்டர்கிட்ட வந்து அவங்களுக்குத் தெரிஞ்சத தனியா சொன்னா பெரிய ஒதவி, வர விருப்பம் இருந்தா மட்டும். குடிக்காரங்க வீட்டு ஆளுங்களுக்குன்னே அல்-அனான்னு கூட்டம் இருக்கு, அது அவங்களுக்கும் உங்களுக்கும் சேர்த்துதான். எப்ப திரும்பி வர்றதுன்னு அவங்க முடிவு பண்ணட்டும், அண்ணன் பேப்பர்ல அந்தத் தேதிய நீங்க எழுதிடாதீங்க.